ஏற்காட்டு மண்ணும் பிளாஸ்டிக் தூளும்

(ஏற்காட்டில் தோட்டத் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் மண்ணைப் பற்றியது. மண்ணைப் பற்றி எங்களுக்கு ஒருவர் வந்து சொல்ல வேண்டுமா, பிறந்தது முதல் மண்ணிலேயே உழைக்கிறவர்கள் நாங்கள் அல்லவா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அது நியாயந்தான். உங்களைவிட மண்ணை அதிகமாக அறிந்தவர்கள் என்று சொல்லிக் கொண்டு நாம் இந்த மலைக்கு ஏறி வரவில்லை. ஆனால் உங்கள் பாட்டன் காலத்து மண்ணில் இல்லாத ஒரு பண்டம், உங்கள் தகப்பன் காலத்தில் வந்து சேர்ந்து, இன்று உங்கள் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத தூளாய் மண்ணில் கலந்து கொண்டிருக்கிறது. அதுதான் பிளாஸ்டிக். அதைப் பற்றித்தான் இரண்டொரு வார்த்தை சொல்லலாம் என்று வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்று சொல்லி விடுகிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பி விடாதீர்கள். கேட்டு, உங்கள் அறிவைக் கொண்டு உரைத்துப் பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். இல்லையென்றால் இங்கேயே விட்டு விட்டுப் போங்கள். அப்படி உரைத்துப் பார்ப்பதற்கு வசதியாக, உங்கள் வீட்டில் நீங்களே செய்யக்கூடிய ஒரு பரீட்சையையும் முடிவில் சொல்லுகிறோம்.

தோழர்களே! நம் ஜனங்களிடத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பூமி எதையும் தாங்கும், எதையும் ஜீரணித்து விடும் என்பது அந்த நம்பிக்கை. சாணியைப் போட்டோம், எருவாயிற்று. சருகைப் போட்டோம், மக்கிற்று. செத்த மாட்டைப் புதைத்தோம், எலும்பைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகையால் எதைப் போட்டாலும் மண் தின்று விடும் என்று நினைத்து விட்டோம். அந்தக் காலத்துக்கு அது அனுபவத்தில் கண்ட உண்மை. ஏனென்றால் அன்று நாம் மண்ணில் போட்டவையெல்லாம் மண்ணிலிருந்து வந்தவையே. அவற்றைத் தின்பதற்கென்று மண்ணில் கோடிக்கணக்கான கிருமிகளும் காளான்களும் மண்புழுக்களும் இருந்தன. பிளாஸ்டிக் அப்படி வந்ததல்ல. 1907-இல் அமெரிக்காவில் பேக்லண்டு என்பவர் முழுவதும் ரசாயனத்தாலேயே ஆன முதல் பிளாஸ்டிக்கைச் செய்தார். 1933-இல் இங்கிலாந்தில் ஒரு ரசாயனக் கம்பெனியின் சோதனைச் சாலையில் தற்செயலாகக் கிடைத்தது பாலித்தீன். அதாவது இன்று நீங்கள் கையில் பிடித்திருக்கும் பைக்கு வயது நூறு வருஷங்கூட ஆகவில்லை. அதைத் தின்று தீர்க்கிற வேலையை மண்ணிலுள்ள கிருமிகள் கற்றுக் கொள்ளவில்லை. ஆகவே நேற்று உண்மையாயிருந்தது இன்று மூட நம்பிக்கையாகி விட்டது. காரணம் மாறின பிறகும் காரியம் மாறாது என்று நம்புவதற்குப் பெயர்தானே மூட நம்பிக்கை?

"அப்படியானால் வாசலில் கிடந்த பை இரண்டு மூன்று வருஷத்தில் காணாமல் போய் விடுகிறதே, அது எங்கே போயிற்று?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. உங்கள் வீட்டுக் கூரைமேல் போட்டு வைத்த பழைய யூரியா சாக்கை எடுத்துப் பாருங்கள். புதிதில் இரண்டு ஆள் இழுத்தாலும் கிழியாத சாக்கு, இரண்டு கோடை வெயில் பட்ட பிறகு, தொட்டால் உதிர்ந்து கையெல்லாம் வெள்ளை நாராய் ஒட்டிக் கொள்ளவில்லையா? வெயிலிலுள்ள ஊதாக் கடந்த கதிர் அதன் பின்னலை அறுத்து விடுகிறது. சாக்கு அழியவில்லை, பொடியாயிற்று. பொடி காற்றிலும் மழையிலும் போய் மண்ணில் சேர்ந்தது. ஒரு ரூபாயை நூறு காசாக மாற்றினால் ரூபாய் தொலைந்து போயிற்று என்று யாராவது அழுவார்களா? அதுபோலவே பை சில்லறையாகி விட்டதே தவிர, செலவாகி விடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போவது வேறு, இல்லாமல் போவது வேறு என்பதை மாத்திரம் நீங்கள் இன்று மனதில் வாங்கிக் கொண்டால், நாம் இங்கே வந்த காரியத்தில் பாதி முடிந்தது.

இப்படி 5 மில்லி மீட்டருக்குக் கீழே, அதாவது ஒரு நெல் மணியின் நீளத்துக்கும் குறைவாக, உடைந்து போன தூளுக்கு நுண் பிளாஸ்டிக் என்று பெயர். 2004-இல் இங்கிலாந்தில் தாம்சன் என்ற ஆராய்ச்சிக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் கடற்கரை மணலில் இதைக் கண்டு எழுதிய பிறகுதான் இந்தப் பெயர் உலகத்தில் பரவிற்று. முதலில் எல்லாரும் கடலையே பார்த்தார்கள். பிறகுதான், கடலுக்குப் போகிறது நிலத்திலிருந்துதானே, நிலத்தில் எவ்வளவு தங்குகிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2021-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் பயிர் வளர்ப்பிலும் கால்நடை வளர்ப்பிலும் மாத்திரம் ஒரு வருஷத்துக்கு 1 கோடியே 25 லட்சம் டன் பிளாஸ்டிக் சாமான் உபயோகமாகிறது என்றும், கடலைவிட விவசாய நிலத்திலேயே நுண் பிளாஸ்டிக் அதிகம் இருக்கக் கூடும் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. 1950-இல் உலகம் முழுவதும் உண்டான பிளாஸ்டிக் 20 லட்சம் டன். 2015-இல் அது 38 கோடி டன். அந்த வருஷம் வரையில் குப்பையான 630 கோடி டன்னில் மறுபடி உருக்கிச் செய்தது 100-க்கு 9 பங்கு. எரித்தது 12 பங்கு. பாக்கி 79 பங்கும் குப்பைமேட்டிலும் நிலத்திலும் நீரிலும் கிடக்கிறது.

நிற்க, உலகக் கணக்கு இருக்கட்டும். நம் சேர்வராயன் மலைக் கணக்குக்கு வருவோம்.

இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820-ஐ ஒட்டி. சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் கொண்டு வந்து வைத்ததாகச் சரித்திரம். அன்று முதல் நூறு வருஷத்துக்கு மேல் பிளாஸ்டிக் என்ற பேச்சே இல்லாமல் இங்கே காப்பி விளைந்தது. நாற்றைப் பாத்தியில் வளர்த்தார்கள், கூடையில் வளர்த்தார்கள், மண்ணோடு பெயர்த்து நட்டார்கள். இப்போது காப்பி நாற்றானாலும், மிளகுக் கொடியானாலும், நிழலுக்கு வைக்கிற சில்வர் ஓக் கன்றானாலும் கறுப்புப் பாலித்தீன் பையில்தான் வருகிறது. பையில் வளர்த்தால் வேர் அசையாது, தூக்கி வர லேசு, கன்று சாவது குறைவு. அந்தச் சௌகரியத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் நடுகிற அன்று என்ன நடக்கிறது? மழை தூறிக் கொண்டிருக்கிறது. குழிகள் நூற்றுக்கணக்கில் காத்திருக்கின்றன. மேஸ்திரி சீக்கிரம், சீக்கிரம் என்கிறார். கத்தியால் ஒரு கீறல். பையை உரித்துக் குழி ஓரத்தில் போட்டு விட்டு அடுத்த கன்றுக்குப் போக வேண்டியது. சில இடங்களில் பையை உரிப்பதுகூட இல்லை. அடியைக் கிழித்து விட்டு அப்படியே புதைத்து விடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 6 அடிக்கு 6 அடி இடைவெளி விட்டால் ஒரு ஏக்கருக்கு 1,210 கன்று. பை 9 அங்குல உயரம், 6 அங்குல அகலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து 108 சதுர அங்குலம். ஒரு சதுர அங்குலத்துக்கு 645 சதுர மில்லி மீட்டர். ஆகவே ஒரு பை ஒரு மில்லி மீட்டர் சதுரத் துண்டுகளாக உடைந்தால் ஏறக்குறைய 70 ஆயிரம் துண்டு. 1,210 பையும் நிலத்திலேயே தங்கினால் ஏக்கருக்குச் சுமார் எட்டரைக் கோடித் துண்டு! அவை அதோடும் நிற்பதில்லை. ஒவ்வொன்றும் மேலும் மேலும் உடைந்து கொண்டே போகும். நீங்கள் ஒரு வருஷம் நட்ட கணக்கு இது. பட்டுப் போன இடத்தில் மறு நடவு வைக்கிற போதெல்லாம் இன்னும் சேருகிறது. கன்று செத்தாலும் பை சாவதில்லை.

இது போதாதென்று கீழே இருந்து வருகிறது ஒரு கூட்டம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, மே மாதத்துக் கோடை விழாவுக்கும், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும், ஏரியில் படகு விடுவதற்கும் வருகிறவர்கள். வரட்டும், மலை யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் கொண்டு வருகிற சோற்றுப் பொட்டலத்தின் உறையையும் தண்ணீர்ப் புட்டியையும் நொறுக்குத் தீனிப் பையையும் வளைவுக்கு ஒன்றாக வீசி விட்டு, குளிர்ந்த காற்றை மாத்திரம் வாங்கிக் கொண்டு இறங்கி விடுகிறார்கள். சர்க்கார் நடத்தும் விழாவானாலும் சரி, சாமிக்கு நடத்தும் விழாவானாலும் சரி, மறுநாள் காலையில் மைதானத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

மலையில் வீசியது மலையில் நிற்கிறதா? அதுவும் இல்லை. இங்கே சரிவு, மழை பெய்தால் மேல் மண்ணோடு எல்லாம் இறங்கும். திருமணிமுத்தாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. சரபங்காவும் இந்த மலையில்தான் பிறக்கிறது. இரண்டும் கடைசியில் காவிரியில் போய்ச் சேருகின்றன. திருமணிமுத்தாறு சேலம் பட்டணத்தின் நடுவில் புகுந்து, அங்குள்ள சாக்கடையையும் சாயத் தண்ணீரையும் வாங்கிக் கொண்டு நாமக்கல் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. பாலியெஸ்டர் சேலையும் சட்டையும் துவைக்கும் போதெல்லாம் உதிருகிற நுண்ணிய நூலும் அந்தச் சாக்கடையில் இருக்கிறது; அதுவும் பிளாஸ்டிக்தான். அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுகிற விவசாயி, தான் தண்ணீர் பாய்ச்சுவதாக நினைத்துக் கொண்டு பிளாஸ்டிக்கையும் விதைக்கிறான். ஆகவே மலைக்காரர்கள் கீழ்நாட்டாரைப் பார்த்தும், கீழ்நாட்டார் மலைக்காரர்களைப் பார்த்தும் நமக்கென்ன என்று சொல்லிக் கொள்ள இடமில்லை.

"மண்ணில் கிடந்தால் கிடக்கட்டும், கல்லும் கிடக்கிறது, அதனால் என்ன கெடுதி?" என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

மண்புழுவை எடுத்துக் கொள்ளுங்கள். பரிணாமத்தை எடுத்துக் காட்டிய டார்வின், தமது கடைசிப் புஸ்தகத்தை 1881-இல் மண்புழுவைப் பற்றியே எழுதினார். இவ்வளவு பெரிய அறிவாளிக்கு ஒரு புழுதானா கிடைத்தது என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் அவர், இங்கிலாந்தின் பல இடங்களில் ஏக்கர் ஒன்றுக்கு வருஷத்தில் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுவின் வயிற்று வழியாகப் போய் வருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கூலி கேட்காத உழவன் அது. நெதர்லாந்தில் 2016-இல் வெளியான ஒரு சோதனையில், புழு தின்னும் சருகில் பாலித்தீன் தூளைக் கலந்து பார்த்தார்கள். 100-க்கு 28 பங்கும் அதற்கு மேலும் கலந்தபோது புழுக்கள் அதிகமாகச் செத்தன, பிழைத்தவை வளரவில்லை. அவ்வளவு தூள் இன்று உங்கள் நிலத்தில் இருக்கிறது என்று சொல்லி உங்களைப் பயமுறுத்த நாம் வரவில்லை. பயமுறுத்திக் காரியம் சாதிப்பது புரோகிதன் வேலை, நமது வேலையல்ல. ஆனால் எடுக்காமல் சேர்த்துக் கொண்டே போகிற பண்டம் எந்தத் திசையில் போகும் என்பதை யோசிக்க வேண்டாமா? புழு அந்தத் தூளைத் தன் வளைக்குள் இழுத்துக் கொண்டு போய் ஆழத்திலும் சேர்த்து விடுகிறது என்பதையும் கண்டிருக்கிறார்கள். மேலே கிடந்தால் பொறுக்கலாம். ஆழத்தில் போனதை யார் பொறுக்குவது?

அன்றியும், தூள் கலந்த மண்ணில் மண் கட்டி பிடிக்கும் விதம் மாறுகிறது. தண்ணீர் பிடித்து நிற்கும் சக்தி மாறுகிறது. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கவும், நிறம் கொடுக்கவும், வெயில் தாங்கவும் கலந்த மருந்துகள் மண்ணில் கசிகின்றன. நீங்கள் அடிக்கிற பூச்சி மருந்தும் அந்தத் தூளில் ஒட்டிக் கொள்ளுகிறது. 2020-இல் சீனாவில் செய்த ஆராய்ச்சியில், ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்காக்கி அதில் ஒன்றிரண்டு பங்கு அளவான துகள்கள், பக்க வேர் கிளைக்கும் இடத்து வெடிப்பு வழியாகக் கோதுமைச் செடிக்குள்ளும் கீரைச் செடிக்குள்ளும் நுழைவதைக் கண்டார்கள். 2022-இல் நெதர்லாந்தில் 22 பேருடைய ரத்தத்தைப் பரீட்சித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. 2024-இல் இத்தாலியில், கழுத்து ரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்து அறுவை செய்து கொண்ட 257 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 150 பேருடைய அடைப்பில் பாலித்தீன் இருந்தது. அப்படி இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் மற்றவர்களைவிட அதிகமாக நேர்ந்தன. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இதனால் தீர்ப்பாகி விடவில்லை என்பதை அந்த டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் புகைகிறபோது, நெருப்பு நிச்சயமாகட்டும், பிறகு எழுந்திருக்கலாம் என்று படுத்திருப்பவனை நாம் புத்திசாலி என்று சொல்லுவோமா?

தோழர்களே! இப்போது நாம் சொல்லப் போவது சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். இவ்வளவு குப்பை ஏன் சேர்ந்தது? பிளாஸ்டிக் மலிவு என்பதனால் மாத்திரமா? இல்லை. எறிவது நம் வேலை, பொறுக்குவது வேறொருவன் வேலை என்ற புத்தி நம் ரத்தத்தில் ஊறியிருப்பதனால். இந்த நாட்டில் அழுக்குச் செய்கிறவன் ஒரு ஜாதி, அழுக்கை எடுக்கிறவன் ஒரு ஜாதி என்று வெகு காலமாகப் பிரித்து வைத்து விட்டார்கள். அழுக்குச் செய்கிறவன் மேல் ஜாதி; எடுத்துச் சுத்தம் செய்கிறவன் கீழ் ஜாதி! உலகத்தில் வேறெங்காவது இப்படி ஒரு தலைகீழ் நியாயம் உண்டா? காரின் கண்ணாடியை இறக்கிப் புட்டியை வீசுகிற கனவான் மனதில் என்ன இருக்கிறது? கீழே ஒருவன் இருக்கிறான், அவன் பிறந்ததே இதைப் பொறுக்குவதற்குத்தான் என்பதுதானே? பைக்காரன் லாபம் எடுத்துக் கொண்டான். சுற்றுலாக்காரன் சுகம் எடுத்துக் கொண்டான். எஸ்டேட்டுக்காரர் காப்பி எடுத்துக் கொண்டார். தூளை எடுத்துக் கொண்டவர்கள் யார்? மலையில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மலைவாசியும், குனிந்து களை பிடுங்குகிற பெண்ணும், கையுறையில்லாமல் குப்பை அள்ளுகிற துப்புரவுத் தொழிலாளியுந்தானே? ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மனிதன் பார்க்கிற ஜாதி வித்தியாசத்தைப் பிளாஸ்டிக் பார்ப்பதில்லை. டெல்லியில் ஒரு சுற்றுச்சூழல் சங்கத்தார் 2024-இல் உப்பையும் சர்க்கரையையும் பரீட்சித்ததில், எடுத்த மாதிரி ஒவ்வொன்றிலும் அது இருந்தது. வீசினவன் சாப்பாட்டு இலையிலும் அது வந்து உட்கார்ந்திருக்கிறது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2018-இல் உத்தரவு போட்டு, 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை உபயோகித்து எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக் சாமான்களைத் தடுத்தார்கள். 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் ஆரம்பித்தார்கள். இவை நல்ல காரியங்கள். ஆனால் அந்த உத்தரவிலேயே, சர்க்கார் இலாகாக்களின் தேவைக்காக வன, தோட்டக்கலை நாற்றங்கால்களில் உபயோகிக்கும் பைகளுக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். விலக்குக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் கடைக்காரன் கொடுக்கிற பை தெருவில் கிடக்கிறது, பொறுக்கி விடலாம். நாற்றுப் பையோ நேராக நிலத்துக்குள்ளேயே போகிறது. எது நிலத்துக்கு நெருக்கமோ அதற்கு விலக்கு என்றால், அந்தப் பையைத் திரும்ப எடுக்கும் பொறுப்பையாவது யார் தலையிலாவது வைக்க வேண்டாமா?

உடனே சிலர், "அப்படியானால் பிளாஸ்டிக்கே வேண்டாம் என்கிறீர்களா? சொட்டு நீர்க் குழாய் வேண்டாமா? ஆஸ்பத்திரி ஊசி வேண்டாமா?" என்பார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. பழையது என்பதற்காக ஒன்றை நல்லது என்றும், புதியது என்பதற்காக ஒன்றைக் கெட்டது என்றும் சொல்லுவது நமது கொள்கையல்ல. பல வருஷம் உழைக்கிற குழாய் வேறு. பத்து நிமிஷம் உபயோகித்துப் பல நூறு வருஷத்துக்கு மண்ணில் விடுகிற பை வேறு. சமவெளியில் தக்காளிக்கும் தர்ப்பூசணிக்கும் விரிக்கிற மூடாக்குத் தாளைப் பாருங்கள். களை வராது, ஈரம் போகாது, மான்யமும் உண்டு. ஆனால் தாள் மெல்லியதானால் எடுக்கும்போது கிழிந்து நிலத்திலேயே நின்று விடுகிறது. சீனாவில் பருத்திக் காடுகளில் இப்படிச் சேர்ந்து சேர்ந்து, வெள்ளைப் பீடை என்று பெயர் வைக்கும் அளவுக்கு வந்த பிறகு, 2018-இல் தாளின் குறைந்தபட்சக் கனத்தை 0.008 மில்லி மீட்டரிலிருந்து 0.010 ஆக உயர்த்தினார்கள். கனமாயிருந்தால்தான் முழுசாய்ச் சுருட்டி எடுக்கலாம் என்பது காரணம். அவர்கள் பட்டுத் தெரிந்து கொண்டதை நாம் பார்த்தே தெரிந்து கொள்ளக் கூடாதா?

இன்னொரு ஏமாற்று வித்தையையும் சொல்லி விடுகிறோம். "தானே மக்கும் பை" என்று அச்சடித்து விற்கிறார்கள். அவற்றில் சில, சாதாரணப் பிளாஸ்டிக்கில் சீக்கிரம் உடைவதற்கு மருந்து சேர்த்தவை. அவை மக்குவதில்லை, சீக்கிரம் தூளாகின்றன, அவ்வளவுதான். ஐரோப்பிய நாடுகள் 2021 ஜூலை முதல் அந்த வகையைத் தடுத்து விட்டன. சோளம் முதலியவற்றின் மாவுப் பொருளிலிருந்து செய்கிற சில பைகள் உண்மையாகவே மக்கக் கூடியவைதான். ஆனால் சுமார் 60 டிகிரிச் சூட்டில் நடக்கிற பெரிய உரக் கிடங்கில் மக்கும். ஏற்காட்டுக் குளிரில் புதரில் கிடந்தால் மக்க வெகு காலமாகும். சீட்டை நம்பாதீர்கள், சங்கதியைக் கேளுங்கள்.

சரி, இனி என்ன செய்வது? உங்கள் சக்திக்கு மேற்பட்ட ஒன்றும் நாம் சொல்லவில்லை.

முதலாவது, நடவு அன்று ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சாக்கோ கூடையோ கொண்டு போய், உரித்த பையை அதில் போடுங்கள். எண்ணிக் கொண்டு போன கன்றும், எண்ணிக் கொண்டு வந்த பையும் சரியாயிருக்கட்டும். கூலிக்கு நடுகிறவர்களுக்கு அந்த நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டியது தோட்டக்காரர் கடமை. அதைக் கேட்க வேண்டியது உங்கள் உரிமை.

இரண்டாவது, பை விற்கிற நாற்றுப் பண்ணை கிழிந்த பையைத் திரும்ப வாங்கிக் கொள்ள வேண்டும் என்று கூட்டமாய்க் கேளுங்கள். முடிந்த இடத்தில் பல தடவை உபயோகிக்கும் நாற்றுக் குழல் தட்டுக்கோ, மூங்கில் கூடைக்கோ மாறுங்கள்.

மூன்றாவது, பிளாஸ்டிக்கைக் காட்டில் புதைக்காதீர்கள், எரிக்கவும் எரிக்காதீர்கள். புதைத்தால் மண்ணில், எரித்தால் விஷப் புகையாக உங்கள் பிள்ளைகள் நெஞ்சில்.

நான்காவது, வெயிலில் நைந்த சாக்கையும் தார்ப்பாயையும் உதிர்வதற்கு முன்னமேயே எடுத்துச் சேகரிப்பவரிடம் சேர்த்து விடுங்கள். காப்பி உலர்த்துகிற களத்தில் நைந்த பாயைப் போடாதீர்கள்.

ஐந்தாவது, கோடை விழா நடத்துகிறவர்களையும் திருவிழா நடத்துகிறவர்களையும், போட்டவனே எடுத்துப் போக ஏற்பாடு செய் என்று கேளுங்கள். துப்புரவுத் தொழிலாளிகளுக்குக் கையுறையும் காலணியும் கொடுத்து விட்டுப் பிறகு சுத்தத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

கடைசியாக, நாம் வாக்குக் கொடுத்த பரீட்சை. உங்கள் நிலத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்து உலர்த்திச் சலித்துக் கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராம் உப்பைக் கரைத்து, உப்பிலுள்ள தூசி வராமல் நெருக்கமான பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் மண்ணைப் போட்டு இந்த உப்புத் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். மண் அடியில் நிற்கும். பாலித்தீனும் சாக்கு நாரும் உப்புத் தண்ணீரைவிட லேசானபடியால் மேலே மிதக்கும். சருகும் வேரும்கூட மிதக்கும். எது எதென்று சந்தேகமானால், மிதப்பதை எடுத்து உலர்த்தி, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் தொடுங்கள். வேர் கருகும், பிளாஸ்டிக் சுருண்டு உருகும். தண்ணீர்ப் புட்டித் துண்டு கனமானபடியால் அடியிலேயே நின்று விடும். ஆகவே மிதப்பது முழுக் கணக்கல்ல, குறைந்தபட்சக் கணக்குத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு செய்யுங்கள். வேத வாக்கைவிடவும், நமது வாக்கைவிடவும், அந்தக் கண்ணாடிப் பாத்திரம் உங்களுக்கு நன்றாய்ச் சொல்லும்.

மண்ணில் சேர்ந்து போன தூளைத் திரும்ப எடுக்கிற வழி இன்று எந்த விவசாயி கையிலும் இல்லை. மேலே கிடக்கிற பையை எடுக்கிற வழி உங்கள் இரண்டு கையிலும் இருக்கிறது. வருகிற நடவுக்கு முன் அந்தக் கை வேலை செய்யுமா, அல்லது பூமி தாங்கும் என்று மடங்கி நிற்குமா என்பதை நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள்.